நீலம் தெரிகிறதா?



முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளின் ஆய்வுக்கூடங்களில் இரத்தம் பார்த்தவன் நான். எழுதி வைத்துப் படிக்கிற பழக்கம் இல்லை. அதனால் மூன்று பொருள்களைக் கொண்டு வந்திருக்கிறேன். மளிகைக் கடையில் ஐம்பது வெள்ளி நோட்டு நல்லதா கள்ளதா என்று பிடித்துப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று. டானிக் தண்ணீர் ஒரு போத்தல். ஒரு கரண்டி உப்பு. விளக்குகளை அணைக்கச் சொல்கிறேன்.

(இங்கே அரங்க விளக்குகள் அணைக்கப்பட்டன.)

போத்தலைப் பாருங்கள். வெறும் தண்ணீர்போல இருந்தது, இந்த விளக்கைக் காட்டியதும் நீலமாக ஒளிர்கிறது. டானிக் தண்ணீரில் உள்ள கசப்பு கொய்னாவின் கசப்பு. நம் அப்பாக்கள் மலேரியாவுக்காகத் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் வரிசையில் நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார்களே, அதே கொய்னா. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அது விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் நீலமாகத் துப்புகிறது. 1845-இல் ஜான் ஹெர்ஷல் இந்த நீலத்தைக் கவனித்து எழுதினார். 1852-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் காரணம் சொல்லி, ஃப்ளூரஸன்ஸ் என்று பெயரும் வைத்தார். தமிழில் ஒளிர்தல் என்கிறோம்.

இப்போது உப்பைப் போடுகிறேன். கலக்குகிறேன். மங்குகிறது, பார்த்தீர்களா? உப்பு கொய்னாவைத் தின்றுவிடவில்லை. போத்தலில் இருந்தது அத்தனையும் அப்படியே இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அதன் ஒளியை மட்டும் அடக்கிவிட்டது. இதையும் ஸ்டோக்ஸ் கண்டிருந்தார். ஒளியை வைத்து எதையாவது அளக்கப் புறப்படுகிறவன் முதல் நாளே பார்க்க வேண்டிய வித்தை இது. இருட்டாக இருந்தால் பொருள் இல்லை என்று அர்த்தமாகாது. வெளிச்சமாக இருந்தால் வேண்டிய அளவு இருக்கிறது என்றும் ஆகாது. நன்றி, விளக்கைப் போடலாம்.

இன்று பேச வந்தது ஓர் என்சைமைப் பற்றி, நொதி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நம் நாட்டில் பிள்ளை பெற்ற எல்லாத் தாய்மாருக்கும் இதன் பெயர் தெரியும்: ஜி-சிக்ஸ்-பி-டி. 1980களிலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பார்த்துவிடுகிறார்கள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் ‘நார்மல்’ அல்லது ‘குறைபாடு’ என்று எழுதித் தருகிறார்கள். அந்த ஒரு சொல்லை எழுதுவதற்கு முன்னால் ஆய்வுக்கூடத்தில் நடப்பது, இந்தப் போத்தலுக்கு விளக்குப் பிடித்தேனே, ஏறக்குறைய அதுதான்.

என் கதையிலிருந்து ஒரு துண்டு சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். இந்த ஊர் தெலுக் அன்சனாக இருந்த காலத்தில், பாகான் டத்தோ சாலையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். ஏழு வயதில் குளிர்காய்ச்சல் வந்தது. டிரெஸ்ஸர் மாத்திரை கொடுத்தார். இரண்டாம் மூன்றாம் நாள் என் மூத்திரம் பால் விடாத கோப்பி-ஓ நிறத்தில் போனது. கண் மஞ்சளாகி, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தேன். பிறகு தானாகவே தேறிவிட்டேன். லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மா மட்டும் கடைசிவரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “அன்னிக்கு உன்னை வாய்க்கால்ல குளிக்க விட்டது என் தப்புடா.”

அந்தக் குளிர்காய்ச்சல்தான் மலேரியா. அது இல்லாமல் நம் தோட்ட வரலாறு இல்லை. 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மல்கம் வாட்சன் ஒன்றைக் கண்டறிந்தார். கடலோரச் சமவெளியில் காட்டுச் சதுப்பு நிழலில் வளரும் கொசு ஒன்று. காடு வெட்டி வடிகால் எடுத்தால் அது போய்விடும். மலைப்பக்கத்தில் வேறு கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. அங்கே காட்டை வெட்டினால் காய்ச்சல் கூடும். அதனால் கீழ்ப் பேராக்கில் வடிகால் வெட்டியவர்களும், மேட்டுத் தோட்டங்களில் ஓடைக்கு எண்ணெய் தெளித்தவர்களும் ஒரே நோயோடு இரண்டு விதமாகச் சண்டை போட்டார்கள். இரண்டு இடத்திலும் மண்வெட்டியும் எண்ணெய்த் தகரமும் பிடித்த கைகள் பெரும்பாலும் நம்முடையவை.

1942-இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தார்கள். உலகக் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் கதவு மூடியதும் இரண்டு இடங்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று உங்களுக்குத் தெரியும்: சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனவர்களில் பல்லாயிரம் பேர் மலேரியாவிலும் காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் மருந்தில்லாமல் செத்தார்கள். இந்த அரங்கிலேயே பெரியப்பாவையோ தாத்தாவையோ அங்கே விட்டவர்கள் இருப்பீர்கள்.

இன்னொன்று அமெரிக்காவில் நடந்தது. கொய்னா இல்லாமல் போர் நடத்த முடியாது என்று செயற்கை மருந்துகளைத் தேடினார்கள். நியூயார்க்கில் கோல்ட்வாட்டர் மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானன் குழுவில் இருந்த பெர்னார்ட் பிராடியும் சிட்னி யூடன்ஃபிரெண்டும் மெபக்ரின் என்ற மாத்திரை இரத்தத்தில் எவ்வளவு தங்குகிறது என்று அளக்க ஒரு வழி கண்டார்கள். மெபக்ரினும் ஒளிரும். அதன் ஒளியை அளந்தால் மருந்தை அளந்துவிடலாம். முதல் நாள் அதிகம் கொடுத்துப் பிறகு குறைக்க வேண்டும் என்ற கணக்கு அப்படித்தான் வந்தது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, எந்த அலைநீளத்தில் ஒளியைக் கொடுத்து எந்த அலைநீளத்தில் திரும்ப வாங்குவது என்று நாமே தேர்ந்துகொள்ளும் கருவியை 1955-இல் ராபர்ட் போமன் வெளியிட்டார். இன்று உலகத்தில் நொதிகளை ஒளிர்தலால் அளக்கும் பொறிகள் எல்லாவற்றுக்கும் அது பாட்டன். மலேரியா வீட்டில் பிறந்த பாட்டன் என்று இந்த ஊர்க்காரன் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அதே தேடலில் பிறந்த மருந்து பிரிமாகுயின். ஈரலில் பதுங்கி மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் வைவாக்ஸ் மலேரியாவை வேரோடு பிடுங்குவது. இலினாய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறையில், கைதிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி ஆல்ஃப் ஆல்விங் குழுவினர் அதைச் சோதித்தார்கள். கைதி கொடுக்கும் சம்மதம் என்ன சம்மதம் என்ற கேள்வி இன்றுவரை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். மருந்து சாப்பிட்ட கறுப்பினக் கைதிகளில் சிலருக்குச் சில நாளில் மூத்திரம் கறுத்தது, இரத்தம் குறைந்தது. எர்னஸ்ட் பாய்ட்லர் முதலானவர்கள் இரத்தத்தை மாற்றி ஏற்றிப் பார்த்து, குறை மருந்தில் இல்லை, அவர்களுடைய சிவப்பணுவில் இருக்கிறது, அதிலும் வயதான அணுக்கள்தான் முதலில் உடைகின்றன என்று கண்டார்கள். 1956-இல் பால் கார்சனும் மற்றவர்களும் காரணத்தைச் சொன்னார்கள்: குளுகோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி குறைவு. ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் 1930களிலேயே சிவப்பணுவில் கண்டுபிடித்திருந்த நொதி அது.

சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. பிறந்தபோது கொண்டுவந்த நொதியை வைத்துக்கொண்டே 120 நாள் ஓட்ட வேண்டும், புதிதாகச் செய்துகொள்ள முடியாது. ஆக்சிஜனைச் சுமக்கும் வண்டி என்பதால் துருப்பிடிக்கும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. அந்தத் துருவைத் துடைக்க அதற்கு வேண்டியது என்.ஏ.டி.பி.எச். என்ற பொருள். அதைச் செய்து கொடுப்பது நம் நொதி. மற்ற அணுக்களுக்கு வேறு வழிகள் உண்டு, சிவப்பணுவுக்கு இது ஒன்றுதான். நொதி குறைந்தவர்களும் சாதாரண நாளில் நன்றாகவே இருப்பார்கள். பிரிமாகுயினோ, அலமாரித் துணியில் வைக்கும் அந்துருண்டையோ (ரசகற்பூரம் என்போம், மலாய்க்காரர்கள் ஊபாட் கெகாட் என்பார்கள்) உள்ளே போனால் துரு ஒரேயடியாக ஏறும். அணு உடையும். கோப்பி-ஓ.

இனி அளவைக்கு வருவோம். என்.ஏ.டி.பி.எச். ஒளிரும். அது உண்டாவதற்கு முந்தைய வடிவம் ஒளிராது. இயற்கை நமக்குக் கொடுத்த சலுகை இது. 340 நானோமீட்டர் அருகே விழுங்கி, 460 அருகே நீலமாகத் துப்புகிறது. ஆக, இரத்தத் துளியில் நொதிக்கு வேண்டிய இரையைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால், நொதி வேலை செய்திருந்தால் நீலம், இல்லாவிட்டால் இருட்டு. பாய்ட்லர் 1966-இல் கொண்டுவந்து 1968-இல் திருத்திய துளிச்சோதனை இதுதான். ஒரு சொட்டு இரத்தம், அணுவை உடைக்கச் சாபோனின், இரை, தாங்கல் கரைசல். பத்து நிமிடம். வடிதாளில் ஒரு புள்ளி வைத்து உலர்த்தி, இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்து, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்போம்: நீலம் தெரிகிறதா?

திருத்தத்தில் பாய்ட்லர் செய்த தந்திரத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ரசனையாக இருக்கும். அவர் கலவையில் ஆக்சிஜனேற்றம் அடைந்த குளூட்டதயோனைச் சேர்த்தார். உண்டாகும் என்.ஏ.டி.பி.எச்.-ஐ அது உடனுக்குடன் செலவழிக்கும். ஏன் செலவழிக்க வேண்டும்? லயத்துப் பொதுக்குழாயில் ஓட்டைக் குடத்தை வைத்துப் பாருங்கள். குழாயில் நீர் வேகமாக வந்தால் ஓட்டையை மீறிக் குடம் நிறையும். சொட்டுச் சொட்டாக வந்தால் வந்தது அத்தனையும் வடிந்துவிடும், குடம் காலியாகவே நிற்கும். ஓட்டை இல்லாத குடமாக இருந்தால் சொட்டும் குழாய்கூட நேரம் போகப் போக நிரப்பிவிடும், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பலவீனமான நொதியைப் பளிச்சென்று இருட்டாகக் காட்டுவதற்காக வேண்டுமென்றே போட்ட ஓட்டை அது.

எளிய சோதனைதான், ஆனால் கெடுக்க ஆயிரம் வழி உண்டு. இரத்தம் அதிகமானால் சிவப்பு நிறமே ஊதா ஒளியையும் விழுங்கும், நீலத்தையும் விழுங்கும். நம் ஊர் வெயிலில் மாதிரி நாள் கணக்கில் கிடந்தால் நொதி செத்துவிடும், நல்ல பிள்ளைக்கும் குறைபாடு என்று வரும். விளக்கின் குழல் வயதாகிச் சோர்ந்தாலும் அதே கதை. ஓர் ஆய்வுக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு காலை முழுக்க எல்லாத் துளியும் இருட்டாக வந்தது. ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நாளில் நொதி போய்விடுமா? குழல் மாற்றியதும் எல்லாரும் பிழைத்தார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது கட்டுப்பாட்டுத் துளி. நல்ல இரத்தம் என்று தெரிந்த ஒரு துளி, குறைபாடு என்று தெரிந்த ஒரு துளி, இரண்டையும் ஒவ்வொரு தடவையும் கூடவே வைத்துத்தான் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கோபுரம் 1885-இல் கட்டியது, சாய்ந்திருக்கிறது. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லக் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். தூக்குக்குண்டு இல்லாமல் பார்த்தால் கோபுரம் சாய்ந்திருக்கிறதா, நாம் சாய்ந்து நிற்கிறோமா என்று சண்டை போடலாம்.

நல்ல துளிக்கு இரத்தம் பெரும்பாலும் கூடத்து ஆள்களே கொடுப்பார்கள். நான் கொடுத்ததில்லை. ஊரார் கையையெல்லாம் குத்தியவனுக்குத் தன் கையில் ஊசி என்றால் பயம். சிரிக்கிறீர்கள், என் மனைவியும் அப்படித்தான் சிரிப்பார்.

குழந்தைகளிடம் இதை ஏன் இவ்வளவு அவசரமாகப் பார்க்கிறோம்? மஞ்சள்காமாலை. நொதி குறைந்த பச்சைக் குழந்தைக்குக் காமாலை கடுமையாக ஏறி மூளையைத் தாக்கலாம். பிழைத்தாலும் காது கேளாமல் போகும், கைகால் திருகிப்போகும். 1960 வாக்கில் சிங்கப்பூரில் காரணம் தெரியாத இப்படிப்பட்ட மூளைக்காமாலைக்குப் பின்னால் இந்த நொதிக்குறை இருப்பது தெரியவந்தது. பேராசிரியர் வோங் ஹோக் பூன் முயற்சியில் 1965 முதல் அங்கே எல்லாக் குழந்தைகளையும் சோதித்தார்கள், அந்தக் கொடுமை ஒழிந்தது. இங்கே இருட்டுத் துளி வந்தால் எங்களுக்கு விதி ஒன்று: உடனே வார்டுக்குப் போன், தாதி மூலம் தாய்க்குத் தகவல். முதல் ஐந்து நாள் பிள்ளையைக் கண்காணிக்க வேண்டும், அந்துருண்டை கூடாது, எந்த மருந்து கூடாது என்ற அட்டை கொடுக்க வேண்டும். காமாலை ஏறினால் நீல விளக்கின் கீழே கிடத்துவார்கள். 1956-இல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற மூத்த தாதி, வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்ததில் தொடங்கிய வைத்தியம். அந்த விளக்கின் நீலமும் 460-ஐ ஒட்டியதுதான். நோயைக் காட்டிக்கொடுப்பதும் தீர்ப்பதும் ஒரே நிறமாக அமைந்தது தற்செயல். இரவுப் பணியில் இரண்டையும் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

இத்தனை நல்ல சோதனையில் குறை ஒன்று உண்டு. அது பெண் பிள்ளைகளைப் பற்றியது.

இந்த நொதியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ், தாயிடமிருந்து வந்தது. அது கெட்டிருந்தால் இருட்டு, நன்றாக இருந்தால் நீலம், நடுவில் ஒன்றும் இல்லை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆனால் ஒவ்வோர் அணுவிலும் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றது உறங்கும். எது உறங்குவது என்று கருவிலேயே சீட்டுக் குலுக்கியதுபோல அமைகிறது. 1961-இல் மேரி லயன் எலியில் சொன்னதை, அடுத்த ஆண்டே பாய்ட்லர் இதே நொதியை வைத்துப் பெண்களின் இரத்தத்தில் காட்டினார். ஒரு எக்ஸ் கெட்ட பெண்ணின் இரத்தம் பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்த மூட்டை. பாதி அணு நன்றாக இருக்கும், பாதி உடைய வாய்ப்புள்ளவை. எந்த விகிதம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். துளிச்சோதனையின் ஓட்டைக் குடம் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டில் கோடு போடுகிறது. ஐம்பது விழுக்காடு நொதி உள்ள பெண்ணின் துளி நீலமாகத்தான் தெரியும். அட்டையில் நார்மல் என்று எழுதுவோம். 2003-இல் நம் நாட்டில் ஐனூன் ஒத்மான் முதலானோர் அளந்து பார்த்து, துளிச்சோதனை கடுங்குறையைப் பிடிக்கிறது, பாதிக்குறை உள்ள பெண்களில் கணிசமானவர்களை விட்டுவிடுகிறது என்று எழுதினார்கள். முறையாகச் சொல்ல வேண்டுமானால் அளவையாக எடுக்க வேண்டும். 37 பாகையில் வைத்து, நிமிடத்துக்கு எவ்வளவு என்.ஏ.டி.பி.எச். சேர்கிறது என்று தொடர்ந்து குறித்து, ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை யூனிட் என்று எண்ணாகச் சொல்வது. அதிலும் பொறி உண்டு: இரத்தம் உடைந்து சில நாளில் அளந்தால் உடம்பில் புதிதாகப் பிறந்த இளம் அணுக்களே நிறைந்திருக்கும், நொதி தாராளமாக இருக்கும், குறையுள்ளவனும் நல்லவனாகத் தெரிவான்.

எண் எதற்கு என்றால், 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டஃபெனோகுயின் என்ற மருந்தை ஒரே வேளை கொடுத்தால் ஈரலில் பதுங்கிய வைவாக்ஸ் போய்விடும், ஆனால் எழுபது விழுக்காடு நொதியாவது இருக்க வேண்டும். முப்பதில் கோடு போட்ட விளக்கு அங்கே உதவாது. கோடு போட்டவர்கள் மலேரியா மாத்திரையால் துன்பப்பட்ட ஆண்களையும் காமாலைக் குழந்தையையும் மனதில் வைத்துப் போட்டார்கள். அறுபது விழுக்காட்டில் நிற்கும் பெண் அன்று யார் கேள்வியிலும் இல்லை.

கெட்ட எக்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குடிவரவுப் பதிவேடு படிப்பதுபோல இருக்கும். சீனர்களிடம் கேன்டன், கைப்பிங் வகைகள், மலாய்க்காரர்களிடம் வியஞ்சான், இந்தியாவில் மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா வகைகள். கப்பலில் டிக்கெட் இல்லாமல் வந்தவை. நம் உறவுமுறைக்கும் இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பையனுக்குக் குறை என்றால் வழி தாய்வழி. பார்க்க வேண்டிய அடுத்த ஆள் தாய்மாமன். காது குத்த மடியில் உட்கார வைத்தவர் இரத்தத்திலும் அதே துளிக்கு வாய்ப்பு உண்டு. லயத்தில் அக்கா மகளைக் கட்டுவது சாதாரணம். குறையுள்ள மாமன், பாதிக்குறையுள்ள அக்கா மகளைக் கட்டினால் பிறக்கும் பெண்ணுக்கு இரண்டு எக்ஸும் கெட்டுப்போகலாம். அப்போது அவள் துளியும் இருட்டு.

என் அக்கா மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. துளி இருட்டு. அவள் பிறந்தபோது அவளுடைய அட்டையில் நார்மல் என்று போட்டிருந்தது. அவளை அளந்தார்கள், பாதிதான் இருந்தது. “அப்ப எனக்குப் போட்டது பொய்யா மாமா?” என்று கேட்டாள். அவளுக்கு இப்போது உங்களுக்குச் சொன்ன கதையெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது, இவள் வழியில் தாய்மாமன் யார்?

பழைய கூடத்துக்குப் போனேன். நான் பழக்கிவிட்ட பெண் இப்போது அங்கே மூத்தவர். கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினேன். குழாயில் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதச் சொன்னேன். இரண்டு கட்டுப்பாட்டுத் துளிக்கு நடுவில் என் துளி. இருட்டறைக்குள் அவரே போய் விளக்கைப் பிடித்தார். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குழாயைக் குலுக்கிய அவசரத்தில் எது யாருடையது என்பதை மறந்து, பழக்கதோஷத்தில் உள்ளிருந்தே கேட்டார்:

“சார், நடுவுல உள்ளது நீலமே இல்ல. இவங்க அம்மாகிட்டச் சொல்லியாச்சா?”

அம்மா போய் பதினாறு வருஷம் ஆகிறது.